சிற்றூருக்குக் கணிப்பொறி அறிவும் நேர்மையான நுட்ப உதவியும்: செண்பகத்தோப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

எழுத்தறிந்தவர், எழுத்தறியாதவர் என்ற பிரிவு ஒரு காலத்தில் நம் ஊர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடி ஓடுவதும், மனு எழுத வேண்டுமானால் தாலுகா அலுவலக வாசலில் அமர்ந்திருப்பவரிடம் கைகட்டி நிற்பதும் நம் பாட்டனார் காலத்து வழக்கம். பள்ளிகள் பெருகின, அந்த இடைவெளி பெருமளவு குறைந்தது. ஆனால் அதே இடைவெளி இன்று வேறோர் உருவில் திரும்பி வந்திருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை, கல்வி உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை ஆகிய அனைத்தும் கணிப்பொறியின் வழியாகவே கேட்கப்படுகின்றன. பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞரும் திரைமுன் அமர்ந்தவுடன் எழுதப் படிக்கத் தெரியாதவர்போல் திகைக்கிறார். உதவிக்கு ஒருவரைத் தேடுகிறார். அந்த உதவியாளர் திறமையும் நேர்மையும் உடையவராயின் நன்று. இல்லையெனில் பணமும் போகும், காலமும் போகும், சில வேளைகளில் வாழ்வின் ஒரு வாய்ப்பே கைநழுவும்.

ஆகவே கணிப்பொறி அறிவு, நேர்மையான நுட்ப உதவி ஆகிய இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ண வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். இதற்கு முன் நம் நாட்டில் நடந்த முயற்சிகள் எவ்வாறு வென்றன, எவ்வாறு தளர்ந்தன என்பதை ஆராய்ந்து, செண்பகத்தோப்பு போன்ற மலையடிவாரச் சிற்றூர்களுக்கு ஏற்ற வழியைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செண்பகத்தோப்பு: ஊரும் தேவையும்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்தது செண்பகத்தோப்பு. இம்மலைப்பகுதி 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. காட்டையே தாயகமாகக் கொண்ட பளியர் குடியினர் இங்கு வாழ்கின்றனர். தேனும் பிற வனப்பொருள்களும் சேகரித்தும், தோப்புகளில் கூலிவேலை செய்தும் வாழ்பவர்கள் அவர்கள்.

இவ்வூருக்கு அருகிலேயே நூற்பாலைகளுக்கும் மருத்துவத் துணி நெசவுக்கும் பெயர்பெற்ற இராசபாளையம் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊராகிய திருவில்லிபுத்தூரும் இருக்கிறது. தொழிலும் வணிகமும் மிக்க இரு நகரங்களின் நிழலில் இருந்தும் மலையடிவார மக்களுக்கு அவற்றின் வசதிகள் எளிதில் எட்டுவதில்லை. விருதுநகர் மாவட்டம் 2018ஆம் ஆண்டு நடுவண் அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

ஒரு பளியர் மாணவன் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறான் எனக் கொள்வோம். அவனுக்கு முதலில் வேண்டுவது பழங்குடியினர் சாதிச் சான்று. பிற வகுப்பினர் பலருக்கு வட்டாட்சியர் அளவிலேயே சான்று கிடைத்துவிடும்; பழங்குடியினருக்கோ வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் வழங்கப்படுகிறது. அதற்கான விண்ணப்பம் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், தந்தையின் ஆவணத்தோடு பொருந்தாவிட்டாலும், படம் உரிய அளவில் இல்லாவிட்டாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். திரும்பியது என்ற செய்தியோ ஒரு குறுஞ்செய்தியாக, பெரும்பாலும் விண்ணப்பத்தை நிரப்பிய கடைக்காரரின் செல்பேசிக்கே போய்ச் சேரும். நடந்தது மாணவனுக்குத் தெரியவரும்போது சேர்க்கை முடிந்திருக்கும். கணிப்பொறி அறியாமை என்பது வெறும் வசதிக்குறைவு அன்று. உரிமை இழப்பு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே விளக்கும்.

காட்டில் வாழ்வோருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழங்கிய உரிமைகளும் இத்தகையனவே. உரிமை கோருவது கிராம சபையில் தொடங்குகிறது. ஆனால் அதற்கான படிவத்தையும், வரைபடத்தையும், முந்தைய ஆவணத்தையும் தேடி எடுக்க அறிந்தவர் ஊரில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.

வில்லியனூர் தந்த பாடம்

சிற்றூருக்குக் கணிப்பொறியைக் கொண்டுசெல்லும் முயற்சியில் தமிழ் மண் முன்னோடியாக விளங்கியது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியோடு, புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுவிடம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் அறிவு மையங்களுக்கு வானொலி அலைவழியே செய்திகள் அனுப்பப்பட்டன. மின்சாரம் நிலையற்ற இடங்களில் சூரிய ஆற்றல் துணைநின்றது.

இத்திட்டத்தின் சிறப்பு கருவிகளில் இல்லை. முதலில் கேட்கப்பட்ட வினாவில் இருந்தது. உங்களுக்கு எந்தச் செய்தி வேண்டும் என்று ஊராரிடம் கேட்டார்கள். உழவர் விளைபொருள் விலையையும் விதை, உரம் கிடைக்கும் இடத்தையும் கேட்டனர். வீராம்பட்டினத்து மீனவர் கடலின் நிலையைக் கேட்டனர். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பு எடுக்கப்பட்டு, தமிழாக்கப்பட்டு, கடற்கரையில் ஒலிபெருக்கி வழியே நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் காதால் கேட்டுப் பயன்பெற்றார். மையத்திற்கான இடத்தை ஊரார் தரவேண்டும்; சாதி, பால் வேற்றுமையின்றி எல்லோரும் உள்ளே வர இசைய வேண்டும் என்பது நிபந்தனை. மையங்களை நடத்தியவர்களுள் பெண்கள் பெரும்பங்கு வகித்தனர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இதன் பயன் உயிர்காக்கும் அளவுக்கு உயர்ந்தது. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே செய்தியறிந்த அவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். மையத்தின் ஒலிபெருக்கி வழியே அது உடனே அறிவிக்கப்பட்டது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறி உயிர்பிழைத்தனர். கருவி ஊரின் நடுவே, ஊராரின் கையில், ஊராரின் மொழியில் இருந்தமையால் நேர்ந்த நன்மை இது. முதற்பாடம் இதுவே: மக்களின் தேவையிலிருந்து தொடங்குக, கருவியிலிருந்து தொடங்காதீர்.

மேலூர் தந்த பாடம்

வெற்றியைப் போலவே தளர்ச்சியும் கற்பிக்கும். 2001ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில் 'சாரி' எனப்பட்ட திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'கோர்டெக்ட்' என்னும் கம்பியில்லா நுட்பத்தின் வழியாக ஊர்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது. 70க்கும் மேற்பட்ட மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றை உள்ளூரார் தம் சொந்த முதலில் தொழிலாக நடத்தினர். சான்றிதழ் விண்ணப்பங்கள் அங்கிருந்தே அனுப்பப்பட்டன. அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்து, கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை பெறும் வசதியும் இருந்தது.

ஆயினும் சில ஆண்டுகளிலேயே மையங்கள் பல மூடப்பட்டன. மைக்கேல் பெஸ்ட், இராஜேந்திர குமார் ஆகியோர் இதன் காரணங்களை ஆராய்ந்தனர். மையம் நடத்துபவர் முன்னரே கணிப்பொறிப் பயிற்சி பெற்றிருந்த இடங்களிலும், பழுது நேர்ந்தபோது நுட்ப உதவி கிடைத்த இடங்களிலும் மையங்கள் நீண்டநாள் வாழ்ந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. தனியார் தொழிலாக நடந்தவற்றைக் காட்டிலும் தொண்டு நிறுவனம் தாங்கியவை கூடுதலாக நிலைத்தன. அரசுச் சேவைகளோ, ஆர்வம் கொண்ட அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றதும் சோர்ந்துவிட்டன. மையங்களைப் பயன்படுத்தியவர்களுள் படித்த இளைஞரே மிகுதி. முதியோரும் பெண்களும் குறைவு. ஆனால் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கு அருகில் மையம் அமைந்த இடங்களில் அவர்களும் வந்து பயன்பெற்றனர்.

இரண்டாம் பாடம் இதனால் விளங்கும். கணிப்பொறியை வாங்கிவைப்பது எளிது. அதனைத் தொடர்ந்து இயக்கவும், பழுதுபார்க்கவும், எல்லோரும் வரும்படி செய்யவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சியும் பின்னிற்கும் துணையும் வேண்டும். இவையின்றித் திறக்கப்படும் மையம் திறப்புவிழாவின் கல்வெட்டோடு நின்றுவிடும்.

கேரளம் காட்டும் வழி

மலைக்கு அப்பாலுள்ள கேரளம் இத்துறையில் தொடர்ச்சியாக உழைத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டு நவம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் 'அட்சயா' திட்டத்தை அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். வீட்டுக்கு ஒருவரேனும் கணிப்பொறியின் அடிப்படையை அறிய வேண்டும் என்பது அதன் குறிக்கோள். கல்வியிலும் பொருளாதாரத்திலும் பின்தங்கியதாகக் கருதப்பட்ட ஒரு மாவட்டம் முன்னோடியாக நின்று காட்டியது.

பின்னர் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி, 2022இல் முழுமையான எண்ணிமக் கல்வி பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. இம்முயற்சி பிறந்த வகை சிந்தனைக்குரியது. வங்கிக் கணக்கில் கூலி வந்ததா என்று பார்ப்பதற்காகவே ஏழைத் தொழிலாளர் ஒருநாள் கூலியை இழந்து வங்கி வாசலில் வரிசையில் நிற்பதைக் கண்டதிலிருந்து அது எழுந்தது. தன்னார்வலர் வேலை நடக்கும் இடத்துக்கே சென்று, ஓய்வு வேளையில், அவரவர் செல்பேசியிலேயே கற்றுக்கொடுத்தனர். அம்முறையே மாநிலம் முழுதும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் கேரளம் முழு எண்ணிமக் கல்வி பெற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. நூறு வயதைக் கடந்த பெரியவரும் கற்றோரில் ஒருவராக இருந்தார் என்பது முதுமையைக் காரணங்காட்டி ஒதுங்குவோர்க்கு நல்ல மறுமொழியாகும்.

நடுவண் அரசும் 2017இல் ஊரகக் குடும்பங்களில் 6 கோடிப் பேருக்கு எண்ணிமக் கல்வி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கி, 2024 மார்ச்சில் அதனை நிறைவுசெய்தது. எண்ணிக்கையில் அது இலக்கைத் தாண்டியது. ஆயினும் சான்றிதழ் பெறுவது வேறு. அடுத்த மாதம் தாமே ஒரு விண்ணப்பத்தை நிரப்புவது வேறு. கற்றவர் மறக்காதிருக்க, ஐயம் எழும்போது கேட்பதற்கு அருகில் ஒருவர் வேண்டும். மூன்றாம் பாடம் இது: கல்வியை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்க, கற்பித்தபின் கைவிடாதீர்.

தமிழும் கணிப்பொறியும்

மொழித்தடை நீங்காமல் இவ்வறிவு பரவாது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறிமுறையை வைத்திருந்தது. ஒரு கடையில் தட்டச்சிட்ட மனுவை மற்றொரு கடையில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். மீண்டும் தட்டச்சிட மீண்டும் கூலி கொடுக்க வேண்டும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்த இம்முறையில், தமிழ் நெடுங்கணக்கின் இலக்கணமே தட்டச்சின் இலக்கணமாகிறது. ஆங்கிலம் அறியாதவரும் சில நாட்களில் கற்கலாம். 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இன்று ஒரு செல்பேசியில் எழுதிய தமிழ் எக்கருவியிலும் தமிழாகவே தோன்றுகிறது.

ஆகவே எழுத்துச் சிக்கல் தீர்ந்தது, சொற்சிக்கல் தீரவில்லை. படிவங்களிலுள்ள தமிழ், படித்தவருக்கே விளங்காத அளவுக்குக் கடுமையாக இருப்பதுண்டு. தமிழ்த்துறை மாணவர் ஆற்றத்தக்க பணி இங்கே காத்திருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் தேவையான ஆவணங்கள் எவை, எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதை எளிய தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெருந்தொண்டு. ஓ.டி.பி. என்று மக்கள் வழங்கும் சொல்லை மாற்றி அவர்களை மருட்ட வேண்டுவதில்லை. அது வீட்டுச் சாவிக்கு நிகர், எவரிடமும் தரலாகாது என்ற பொருளை விளக்கினால் போதும்.

நேர்மையான நுட்ப உதவி

மக்கள் நாவில் பிரவுசிங் சென்டர் என வழங்கும் கடைகளும், இ-சேவை மையங்களும், பழுதுபார்க்கும் கடைகளுமே இன்று சிற்றூர்களின் கணிப்பொறிப் பள்ளிகள். அவற்றை நடத்துவோருள் நேர்மையாளர் பலர். நள்ளிரவு வரை அமர்ந்து ஏழை மாணவருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவோர் உண்டு. அவர்களைப் போற்றுவோம். ஆனால் அறியாமை உள்ள இடத்தில் சுரண்டல் நுழைவது எளிது.

ஓர் எடுத்துக்காட்டு. கணிப்பொறி இயங்கவில்லை என்றால் 'போர்டு போய்விட்டது' என்ற தீர்ப்பு சில கடைகளில் உடனே வரும். உண்மையில் தூசி படிந்திருக்கலாம், மின்வழங்கி பழுதாகியிருக்கலாம், ரேம் எனப்படும் நினைவகத் தகட்டின் பற்களில் அழுக்கேறித் தொடர்பு அறுந்திருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்துத் தகட்டைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினாலே இயங்கும் கணிப்பொறிகள் பல. வேகம் குறைந்த பழைய கணிப்பொறிக்கு, சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் புத்துயிர் கிடைக்கும். இவ்வளவேனும் அறிந்த வாடிக்கையாளரை ஏமாற்றுவது கடினம்.

மென்பொருளிலும் இந்நிலையே. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் அடுத்த பதிப்பு ஏறாது. அதனால் அவற்றைக் குப்பையில் எறிய வேண்டுவதில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வழிவந்த கட்டற்ற இயங்குதளங்கள் பழைய கணிப்பொறிகளிலும் நன்கு இயங்குகின்றன. அவற்றுக்கு விலையில்லை; படியெடுத்துத் தருவதும் சட்டத்திற்கு உட்பட்டதே. திருட்டுப் படிகளை ஏற்றிவிட்டு, நச்சுநிரல் வந்ததும் மீண்டும் கூலி வாங்கும் வழக்கத்துக்கு இதுவே மாற்று.

இத்தொழிலில் ஈடுபடுவோர் சில நெறிகளை மேற்கொள்ள வேண்டும். முதலாவது, கட்டணத்தை வேலைக்கு முன்னரே கூறுதலும் எழுதி ஒட்டுதலும். இரண்டாவது, மாற்றிய பழைய உறுப்பை உடையவரிடமே திருப்பித் தருதல். மூன்றாவது, விண்ணப்பத்தில் வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணையே பதிதல். ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் கொடுத்தல். நான்காவது, கடவுச்சொல்லையும் ஆதார்ப் படியையும் தம்மிடம் வைத்துக்கொள்ளாதிருத்தல். ஐந்தாவது, பழுதுபார்க்கும் முன் கணிப்பொறியிலுள்ள கோப்புகளைப் படியெடுத்துக் காத்தல். ஆறாவது, செய்யும்போதே அருகில் அமர்த்திக் காட்டிக் கற்பித்தல். வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமையைப் பேசும் அதிகாரத்தின் இறுதியில் வாணிகரை நினைப்பது நாம் அறிந்ததே. தராசும் படியும் கொண்டு விற்பவனுக்கு உரிய அறம், விசைப்பலகை கொண்டு தொழில்செய்பவனுக்கும் உரியது.

நெறி தவறும்போது சட்டமும் துணைநிற்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடான சேவையையும் உள்ளடக்கியது. 1915 என்ற எண்ணில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இணையவழியே பணம் பறிபோனால் சற்றும் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். விரைந்து அழைத்தால்தான் பணம் கைமாறுமுன் தடுக்க இயலும். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. இந்த ஒன்றை ஊர்தோறும் சொல்லிவைத்தால் தடுக்கப்படும் இழப்பு மிகப் பெரிது.

நம் கடமை

செண்பகத்தோப்பு போன்ற ஊர்களுக்கு நாம் செய்யக்கூடியவை யாவை? நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாட்களில் முடிந்துவிடும், தொடர்பு முடியலாகாது. முகாமில் ஊராரின் தேவைகளை முதலில் கேட்டறிய வேண்டும். அவ்வூர் இளைஞர் இருவரைத் தேர்ந்து, அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கும்படி செய்து, கல்லூரி ஆய்வகத்தில் முறையான பயிற்சி அளிக்கலாம். பளியர் குடியிருப்பில் கற்பிப்பவர் பளியராகவே இருப்பது சாலச் சிறந்தது. அங்கே ஐயத்தைக் கேட்க எவரும் கூசமாட்டார். பயன்பாட்டிலிருந்து நீக்கப்படும் கணிப்பொறிகளைச் செப்பனிட்டுக் கட்டற்ற மென்பொருளோடு வழங்கலாம். மலை மறைப்பால் அலைவரிசை தடைப்படும் இடங்களில், இணைப்பின்றியே பயிலத்தக்க பாடங்களைக் கணிப்பொறியில் ஏற்றிவைக்கலாம். மாதம் ஒருமுறை மாணவர் குழு சென்று பழுதையும் ஐயத்தையும் தீர்த்து வரலாம்.

ஊர்ப் பெரியோருக்கும் பங்குண்டு. மையத்துக்கு ஓர் அறையை அவர்கள் தரலாம். சமுதாயக் கூடமோ, பள்ளியோ, ஊராட்சிக் கட்டடமோ எதுவாயினும், எல்லாச் சமயத்தாரும் எல்லாச் சாதியாரும் பெண்களும் தயக்கமின்றி நுழையக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும். மையம் நடத்தும் இளைஞரின் உழைப்புக்கு உரிய ஊதியமும் வேண்டும். இலவசம் என்ற பெயரில் அவரைப் பட்டினி போட்டால் மேலூரில் நேர்ந்ததே மீண்டும் நேரும்.

முடிவுரை

வில்லியனூர் தேவையைக் கேட்கக் கற்றுத்தந்தது. மேலூர் துணையின்றி எதுவும் நிலைக்காது என்று உணர்த்தியது. கேரளம் கற்பிப்பவர் தேடிச் செல்ல வேண்டும் என்று காட்டியது. இம்மூன்றையும் இணைத்துப் பார்க்கும்போது கணிப்பொறியைவிடப் பயிற்சி பெற்ற நேர்மையான மனிதரே ஓர் ஊருக்கு முதன்மையான தேவை என்பது தெளிவாகிறது. அத்தகைய மனிதரை உருவாக்குவது கல்லூரிகளின் கடமை. நம் மாணவர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு முதியவருக்கு, ஒரு தாய்க்கு, ஒரு மலைவாழ் இளைஞருக்குத் தாமே ஒரு விண்ணப்பத்தை நிரப்பக் கற்பிப்பாராயின், அடுத்த ஆண்டு அவர் எவர் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அப்பணியை இன்றே தொடங்குவோமாக!